டிப்ளமோதானா?

கல்யாண வீட்டுப் பந்தி. பக்கத்து இலைக்காரர் கேட்கிறார்: "தம்பி என்ன படிக்கிறீங்க?" "டிப்ளமோ மெக்கானிக்கல்ங்க." சாம்பாரைப் பிசைந்த கை ஒரு நொடி நிற்கிறது. "ஓ... டிப்ளமோதானா?"

விஷம் அந்தத் 'தானா'வில் இருக்கிறது. தமிழில் 'தான்' என்பது நெஞ்சை நிமிர்த்தும் சொல். 'நான்தான் செஞ்சேன்', 'எங்க ஊர்தான்' என்று சொல்லும்போது குரல் தானாக உயரும். அதன் வாலில் ஒரு நெடில் ஒட்டிக்கொண்டால் போதும், எதிரே இருக்கிற ஆள் பாதியாகிவிடுகிறான். 'கவர்மென்ட் ஸ்கூல்தானா?' 'ஆர்ட்ஸ் காலேஜ்தானா?' 'பெரம்பலூர்தானா?' இந்தக் கேள்விகளுக்குத் தலை குனிந்தபடி வளர்ந்தவன் நான். குனிந்த தலையோடு எழுதும் உத்தேசம் இன்றைக்கு எனக்கில்லை.

பெரம்பலூர் மாவட்டத் தலைநகர். ஆனால் ரயில் கிடையாது. நாம் எப்படி ரயில் ஏறுகிறோம்? நான்கு ரோட்டிலிருந்து பஸ் பிடித்து, முப்பது கிலோமீட்டர் போய், அரியலூர் பிளாட்பாரத்தில் நிற்கிறோம். எழும்பூரில் புறப்பட்ட வைகை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிறது. ஏறுகிறோம். எழும்பூரிலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்தவர் இருப்பார். இருக்கட்டும். அவரும் மதுரையில்தான் இறங்குவார், நாமும் மதுரையில்தான் இறங்குவோம். டிக்கெட் பரிசோதகர் என்றைக்காவது "ஏன் சார் முதல் ஸ்டேஷன்லயே ஏறல?" என்று கேட்டிருக்கிறாரா? அவர் கேட்பதெல்லாம் கையில் டிக்கெட் இருக்கிறதா என்பதை மட்டும்.

படிப்பிலும் அப்படி ஓர் அரியலூர் ஸ்டேஷன் இருக்கிறது. அதிகாரபூர்வமாக நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை என்பார்கள். நம் வாயில் 'லேட்டரல்'. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ., பி.டெக். வகுப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் போய் உட்காரலாம். பிளஸ் 2வில் கணக்குப் படித்து, பிறகு பி.எஸ்சி. முடித்தவரும் உட்காரலாம். நுழைவுத் தேர்வு இல்லை. இதுவரை நீ வாங்கிய மதிப்பெண்தான் தரவரிசை. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி.யிலும் மதுரை தியாகராசரிலும் இந்த வழியாக ஆண்டுதோறும் பிள்ளைகள் நுழைகிறார்கள். பல ஆண்டுகள் இந்தக் கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தியது. ஊரெல்லாம் காரைக்குடி என்றால் செட்டிநாட்டுச் சமையலை நினைக்கும். எங்கள் செட்டுப் பையன்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் வயிற்றில் வேறு மாதிரி ஒரு பிசைவு.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. பத்தாவதோடு நின்று ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படித்தவர், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். அங்கிருந்து பொறியியல் கல்லூரியில் மறுபடி நேராக இரண்டாம் ஆண்டு. ஆலத்தூர் ஐ.டி.ஐ.யில் ராவிக்கொண்டிருக்கும் பையனுக்கும் பொறியாளர் நாற்காலிக்கும் நடுவே சுவர் இல்லை, படிக்கட்டு இருக்கிறது. அரசாணையால் கட்டிய படிக்கட்டு. யாருடைய தயவும் இதில் இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், கீழக்கணவாயிலும் கீழப்பழுவூரிலும் அரசு பாலிடெக்னிக்கில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேர், "நமக்கெல்லாம் எங்க சார்" என்ற ஒரு வாக்கியத்தைப் பூட்டாகப் போட்டு, சாவியையும் தாங்களே தூர எறிந்துவிட்டு இருக்கிறார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லித் தந்தது யார்? பந்தியில் பக்கத்து இலைக்காரர். அவருக்கு லேட்டரல் கவுன்சலிங் எந்த மாதம் நடக்கிறது என்றாவது தெரியுமா?

2023 ஆகஸ்ட் 23. மாலை ஆறு மணி தாண்டி நான்கு நிமிடம். சந்திரயான் 3 நிலவின் தென்துருவத்துக்கு அருகே கால் பதித்தது. டீக்கடை டி.வி. முன்னால் கை தட்டினோம். அந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வே ஊழியர். மகன் படித்தது ரயில்வே பள்ளி. அடுத்து? பிளஸ் 2வில் மாநில முதலிடமா, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வா? இல்லை. விழுப்புரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மெக்கானிக்கல். ஆம், டிப்ளமோ'தான்'. அதன் பிறகு சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. அதன் பிறகு திருச்சியில் முதுநிலை, இன்று என்.ஐ.டி. என்று நாம் அண்ணாந்து பார்க்கும் அதே துவாக்குடி வளாகம். அதன் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம்.

அந்த வரிசையை ஒருமுறை விரல் விட்டுப் பார். ஒவ்வொரு கல்லூரியும் முந்தையதைவிட நுழையக் கடினமானது. பதினைந்து வயதில் ஐ.ஐ.டி. கதவைத் தட்டியிருந்தால் திறந்திருக்குமோ என்னவோ. அவர் தட்டியது அடுத்த கதவை. அது திறந்ததும் அதற்கடுத்த கதவை. நம் ஊரில் பிள்ளைகளின் தலையெழுத்து பிளஸ் 2 ரிசல்ட் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு முடிந்துவிடுவதாக ஒரு நம்பிக்கை. நிலவில் இறங்கிய கால்கள் அந்த நம்பிக்கையை மிதித்துக்கொண்டு நிற்கின்றன.

வீரமுத்துவேல் ஒரு விதிவிலக்கு என்பாய். சரி, இன்னும் இருவர். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் முதலில் படித்தது பி.எஸ்சி. இயற்பியல். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவிலில் முதலில் படித்தது பி.எஸ்சி. கணிதம். இருவருமே அதன் பிறகுதான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போய் விமானப் பொறியியல் படித்தார்கள். சி. ராஜம் 1949இல் தொடங்கிய அந்த எம்.ஐ.டி., பி.எஸ்சி. முடித்து வருகிறவர்களுக்கென்றே பொறியியல் வைத்திருந்த இடம். இன்று நாம் பக்கவாட்டு வழி என்று கூச்சத்தோடு சொல்கிறோமே, அங்கே அதுதான் தலைவாசல். ஒரு கலைக் கல்லூரி பி.எஸ்சி., இன்னொரு கலைக் கல்லூரி பி.எஸ்சி., ஒரு பாலிடெக்னிக் டிப்ளமோ. இந்திய விண்வெளியின் கதையில் தமிழ்நாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் நடுவில் ஏறியவர்களின் கூட்டம் தெரிகிறது. (கலாம் பெயரை எடுக்காமல் தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுவதென்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். பி.எஸ்சி. என்கிற ஒரே காரணத்துக்காக அதை முறிக்கிறேன்.)

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். ஏறிவிட்டால் போதும், ரயில் தானாகக் கொண்டுபோய் விடும் என்று எவராவது சொன்னால் நம்பாதே.

நான் லேட்டரலில் போன கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் வாரம், கணக்கு வகுப்பு. பேராசிரியர் போர்டில் ஓர் இன்டக்ரேஷனைப் பாதி எழுதிவிட்டு, "இது ஃபர்ஸ்ட் இயர்ல பாத்ததுதானே" என்று தாண்டிப் போனார். வகுப்பே தலையாட்டியது. கடைசி இரண்டு பெஞ்சில் ஏழு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் ஃபர்ஸ்ட் இயரே பார்க்கவில்லை. அந்தப் பாடத்தின் பெயர் எம்-3. ஃபூரியர் தொடர், ஃபூரியர் உருமாற்றம், இசட் உருமாற்றம், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். எம்-1, எம்-2 என்கிற இரண்டு மாடி ஏறாமல், மூன்றாவது மாடி ஜன்னல் வழியாக உள்ளே குதித்தவர்கள் நாங்கள். வருகைப் பதிவின்போது ஒருவர் "நீங்கள்லாம் லேட்டரலா?" என்று கேட்டது பந்திக்காரரின் குரலிலேயே என் காதில் விழுந்தது. அந்த செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். ஒன்று எம்-3. இன்னொன்று எதுவென்று சொன்னால் என் தம்பி இன்னும் சிரிப்பான்.

விடுதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, வந்தது தப்போ என்று யோசித்தேன். ஊருக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது எந்தப் புத்தகமும் இல்லை, எந்தப் பேச்சாளரும் இல்லை. ஒரு லேத்.

பட்டறை வகுப்பில் நான்கு தாடைச் சக்கில் ஒரு ஜாபை மையப்படுத்தச் சொன்னார்கள். பிளஸ் 2வில் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு எடுத்தவன் ஒருவன், சக் சாவியை வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக வியர்த்துக்கொண்டிருந்தான். நான் போய் டயலைப் பார்த்து, எதிரெதிர் தாடைகளைத் தளர்த்தி இறுக்கி, ஐந்து நிமிடத்தில் முடித்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் 'தானா' இல்லை. அன்று சாயங்காலம் அவனே வந்தான். "மச்சி, எனக்கு இந்த மெஷினெல்லாம் சொல்லிக் குடு. உனக்கு எம்-3 நான் சொல்றேன்." சனிக்கிழமை தோறும் உட்கார்ந்தோம். அவன் எனக்கு இன்டக்ரேஷனை அடியிலிருந்து ஆரம்பித்தான். நான் அவனுக்கு வெர்னியரில் கண் பழக்கினேன். அடுத்த முறை எம்-3 அரியர் போனது. அவனுக்குப் பட்டறைப் பயம் போனது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் ஒரு வருடம் குறைவாகப் படித்து வந்தவன் இல்லை. அவர்கள் காகிதத்தில் படம் வரைந்த மூன்று வருடங்களும் என் விரல்களில் இருந்தன. கழிவிரக்கத்தில் அந்த மூன்று வருடத்தை நானே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். நீயும் அப்படித்தானே விட்டுவைத்திருக்கிறாய்? உன் விண்ணப்பத்தில் நீ எழுதவேண்டியது, உனக்குக் கிடைக்காதவற்றின் பட்டியலை அல்ல. நீ கழற்றி மாட்டிய மோட்டார், சரி செய்த மின்சுற்று, பயிற்சிக்குப் போன சிமெண்ட் ஆலையில் கிரஷர் நின்றபோது நீ பார்த்தது, செட்டிகுளம் பக்கம் அப்பாவின் வெங்காயப் பட்டறையில் காற்றோட்டம் போதாமல் அடி வெங்காயம் அழுகியபோது நீ மூங்கிலை மாற்றிக் கட்டிப் பார்த்தது. இவைதான் உன் சரக்கு. வெங்காயப் பட்டறையைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறவன், வெப்பப் பரிமாற்றம் என்ற பாடத்தில் அதே காற்றோட்டத்தை ஆங்கிலத்தில் படிக்கும்போது முழிக்கிறான். இரண்டும் ஒன்றென்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இனி, வீட்டுப் பிரச்சினை. தரவரிசை வந்துவிட்டது. கல்லூரி தேர்வு செய்ய வேண்டும். கோவை கிடைக்கும் போலிருக்கிறது, மதுரையும் கிடைக்கும் போலிருக்கிறது. அப்பா சொல்கிறார்: "எதுக்குப்பா அவ்ளோ தூரம்? இங்கயே பஸ்ஸுல போயிட்டு வர்ற மாதிரி பாரு." பெண்ணாக இருந்தால் இந்த வாக்கியம் ஆணையாகவே வரும். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். மக்காச்சோளம் ஏமாற்றிய வருடம் அவருக்குத் தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கு இல்லை, ரூபாய்க் கணக்கு. உள்ளூர்க் கல்லூரியையும் குறை சொல்ல மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே அரியலூரில் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கிறவன் புத்திசாலி. ஆனால் பயந்துபோய்த் தேர்ந்தெடுக்கிறவன் வேறு ஆள்.

அப்பாவிடம் ஒரு பெயரைச் சொல். ந. வளர்மதி. 1959இல் அரியலூரில் பிறந்தவர். அப்போது அரியலூர் மாவட்டமும் இல்லை, பெரம்பலூர் மாவட்டமும் இல்லை, எல்லாம் திருச்சி ஜில்லா. பள்ளிப் படிப்பு அரியலூரிலேயே. பிறகு அந்தப் பெண் பொறியியல் படிக்கப் போன இடம், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. செல்போன் இல்லாத காலம். போய்ச் சேர்ந்த தகவலே கடிதத்தில்தான் வந்திருக்கும். பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ., 1984இல் இஸ்ரோ. 2012 ஏப்ரல் 26ஆம் தேதி விண்ணில் ஏறிய ரிசாட் 1, இந்தியா தானே உருவாக்கிய முதல் ரேடார் படச் செயற்கைக்கோள். எடை 1,858 கிலோ. மேகம் மூடியிருந்தாலும் இரவாக இருந்தாலும் நிலத்தைப் பார்க்கும் கண் அது. அதன் திட்ட இயக்குநர் வளர்மதி. தமிழ்நாடு அரசு கலாம் பெயரில் விருது ஏற்படுத்தியபோது 2015இல் அதை முதலில் பெற்றவரும் அவரே. அவர் படித்த அதே கோவைக் கல்லூரியில் இன்றைக்கு லேட்டரலில் உனக்கு இடம் இருக்கிறது. அன்றைக்குத் துணிந்த தூரம் இன்றைக்கு ஒரு ராத்திரி பஸ்.

பணத்துக்கு: அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 முதல். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 முதல். அது விடுதிச் சாப்பாட்டுக்கே போதாது, எனக்குத் தெரியும். ஆனாலும் உன் உரிமைக் காசு. கூச்சப்பட்டு விட்டுவிடாதே.

இந்த மண்ணில் உட்கார்ந்து கல்லூரிக் கதவுகளைப் பற்றி எழுதுகிறவன் ஒரு பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. செந்துறைப் பக்கம் குழுமூர். அனிதா. பிளஸ் 2வில் 1,200க்கு 1,176. மருத்துவக் கல்லூரி வாசல் அந்த மதிப்பெண்ணுக்குத் திறக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன் குரலில் பேசிய பெண் அவர். 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். 2022இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்குக்கு அவர் பெயர்.

தன்னம்பிக்கை பேசுகிற சிலர் அவரை உதாரணமாகக் காட்டி, மனவலிமை வேண்டும் என்று பாடம் நடத்தக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தன்னம்பிக்கை இல்லாதவரா 1,176 எடுத்தார்? தன்னம்பிக்கை இல்லாதவரா டெல்லி வரை போனார்? கதவு கட்டியவனை ஒரு வார்த்தை கேட்காமல், கதவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு மட்டும் உபதேசம் செய்வது கோழைத்தனம். நான் உன்னிடம் முயற்சி செய் என்று கத்துவதற்கு அர்த்தம், எல்லாக் கதவும் நியாயமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதல்ல. அநியாயமான கதவை எதிர்த்து ஊரே நிற்கவேண்டும். அதே நேரம் திறந்து கிடக்கிற கதவு ஒன்றுகூட நம் பிள்ளை நுழையாமல் சும்மா கிடக்கக் கூடாது. இரண்டும் வேண்டும். அப்புறம் இன்னொன்று, உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: எந்தக் கல்லூரியும் உன்னைவிடப் பெரியது இல்லை. மனசு தாங்க முடியாத ராத்திரி வந்தால் தனியாக இருக்காதே. அம்மாவை எழுப்பு, சிநேகிதனை எழுப்பு, அரசின் 104 எண்ணை அழை. விடிந்த பிறகு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

பி.எஸ்சி. படிக்கிறவர்களை மறந்துவிடவில்லை. குரும்பலூரிலோ அரியலூர் அரசு கலைக் கல்லூரியிலோ இயற்பியலோ வேதியியலோ கணிதமோ படிக்கிற பெண்ணே, ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் என்றொரு தேர்வு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு உன் கல்லூரி எந்த ஊர், பள்ளி எந்த மீடியம் என்ற கேள்வியே கிடையாது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலைக்கான க்யூட் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகங்களில் ஒன்று திருவாரூர் பக்கத்திலேயே இருக்கிறது. பிளஸ் 2வில் தவறிய ரயிலுக்கு மூன்று வருடம் கழித்து அடுத்த வண்டி. இதைப் பற்றி உன் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நாளைக்கே கேட்டுப் பார். விரல்கள் மிச்சமாகும்.

இப்படி நடுவில் ஏறுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்காதே. அமெரிக்காவில் கலிபோர்னியா 1960இலேயே ஒரு பெருந்திட்டம் போட்டது. ஊருக்கு ஊர் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பெர்க்லி போன்ற பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரும் வழி அது. பராக் ஒபாமா இரண்டு வருடம் ஒரு சின்னக் கல்லூரியில் படித்துவிட்டு 1981இல் கொலம்பியாவுக்கு மாறியவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990இல் மாறி வருபவர்களுக்குக் கதவைச் சாத்தியது. கால் நூற்றாண்டுக்கு மேல் சாத்தியே வைத்திருந்தது. 2018இல் திறந்தது. எதற்காக? வறிய வீட்டுப் பிள்ளைகளும் சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகளும் ராணுவத்திலிருந்து வருகிறவர்களும் வந்தால் வகுப்பறைக்குத்தான் நல்லது என்று கண்டுகொண்டதால். பிரின்ஸ்டனுக்கே புரிய அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பந்திக்காரருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்போம்.

மாறிச் சேர்வதில் வெட்கம் என்ன இருக்கிறது? நம் மாவட்டமே எப்படி வந்தது, பார். அரியலூர் 2001இல் தனி மாவட்டம். மறு வருடமே மறுபடி பெரம்பலூரோடு. 2007இல் திரும்பவும் தனி. பலகையை மாற்றி மாற்றி எழுதிய பெயிண்டருக்குத்தான் வருமானம். மண் அப்படியே இருந்தது.

அந்த மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரைக்குப் போயிருக்கிறாயா? சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பும் நம் சுண்ணாம்புக்கல் நிலம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல். காரையின் செம்மண் ஓடைகளில் சுருள் சங்கு மாதிரி அம்மோனைட் புதைபடிவம் கிடக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரப் புவியியலாளர்கள் இங்கே வந்து, பாறை அடுக்குகளுக்கு நம் ஊர்களின் பெயரையே வைத்தார்கள். ஊட்டத்தூர் அடுக்கு, அரியலூர் அடுக்கு. இன்றைக்கும் உலகப் புவியியல் நூல்களில் அந்தப் பெயர்கள்தான். எங்கெங்கோ இருக்கும் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் சுத்தியலோடு காரைக்கு வந்து, ஆடு மேய்க்கிற பாட்டியிடம் வழி கேட்கிறார்கள். அரியலூர் என்ற பெயரை அங்கே போய்ச் சொன்னால் தெரியும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளையோ திருச்சி தாண்டியதும் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கி, "திருச்சி பக்கம்" என்கிறான்!

இனிமேல் அப்படிச் சொல்லாதே. நேர்காணலில் கேட்டால் வேப்பந்தட்டை என்றால் வேப்பந்தட்டை, ஆண்டிமடம் என்றால் ஆண்டிமடம். படிப்பு என்ன என்றால் டிப்ளமோதான். அந்த நெடிலை வெட்டி எறி.

சரி, வேலைக்கு வா. இறுதி செமஸ்டர் முடிந்து கல்லூரி திறக்கும்வரை உனக்குச் சில வாரங்கள் கிடைக்கும். அதை யாரும் உனக்கு எடுத்துச் சொல்ல மாட்டார்கள், எனக்கும் சொல்லவில்லை, அதனால்தான் இரண்டு அரியர். பக்கத்துத் தெருவில் பொறியியல் முதலாம் ஆண்டு முடித்த அக்கா ஒருவர் இருப்பார். எம்-1, எம்-2 புத்தகத்தை அவரிடம் கேட்டு வாங்கு. வகையிடல், தொகையிடல், அணிகள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். புரியவில்லை என்றால் பிளஸ் 2 கணக்குப் புத்தகத்துக்கு இறங்கு. அதுவும் புரியவில்லை என்றால் பிளஸ் 1க்கு இறங்கு. இறங்குவதில் மானக்கேடு இல்லை, கிணற்றில் தண்ணீர் கீழேதான் இருக்கிறது.

இன்னொரு பக்கம் ஒரு ஃபைல் போடு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, டிப்ளமோ மதிப்பெண் சான்றுகள் எல்லா செமஸ்டருக்கும், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் நீதான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று. பெயரில் இனிஷியல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். ஒன்றில் 'கே' இன்னொன்றில் 'கா' என்று இருந்து, கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். ரேங்க் நல்ல ரேங்க். அவளுக்கு அந்த வருடம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்பத்தில் வேறு யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதிமொழி வேண்டும். அப்பா கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இன்று ராத்திரி அவர் காட்டிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு உட்காரும்போது அந்தக் காகிதத்தை எடுத்து வை. எந்த ஊர், எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு, எத்தனை மணிக்கு பஸ், எல்லாவற்றையும் அவரிடம் நீயே சொல். அவர் கொஞ்ச நேரம் பேச மாட்டார். பிறகு பேனா கேட்பார். எழுதுகிற பேனாவாகப் பார்த்துக் கொடு.